வாசு மாஸ்டரின் சட்டை

பஷீர் பாய் மேடைப் படியில் ஏறி வந்தது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

வெள்ளை முழுக்கைச் சட்டை, தலையில் தொப்பி, முகமெல்லாம் சிரிப்பு. இரண்டு கையாலும் ஒரு எவர்சில்வர் கேனை அணைத்துப் பிடித்திருந்தார். கேனைச் சுற்றி ஒரு டர்க்கி டவல். ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையை நர்ஸம்மா வெளியே கொண்டுவந்து காட்டுவாரே, அந்த மாதிரி.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஃபேன் எல்லாம் ஓடியும் ஒரு இலை ஆடாத புழுக்கம். மேடையில் நடு நாற்காலியில் எங்கள் வாசு மாஸ்டர், கழுத்தில் ரோஜா மாலையும் தோளில் சரிகைச் சால்வையுமாக, சிவந்த முகத்தில் வியர்வை வழிய உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அவருக்குப் பணி ஓய்வுப் பாராட்டு விழா.

பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி ஸ்டெல்லா டீச்சர். டீச்சர் மடியில் ஒரு வெள்ளி டம்ளர் இருந்தது. வீட்டிலிருந்தே கைப்பையில் போட்டு எடுத்து வந்திருந்தார்.

அந்த டம்ளரை விட்டு என் கண் நகரவில்லை. ஏன் என்று சொல்லக் கொஞ்சம் சுற்றி வளைக்க வேண்டும். இந்தத் தொடரைப் படிப்பவர்களுக்கு என் சுற்றல் பழகியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜூஸ் கம்பெனி

போன வாரம் எங்கள் கம்பெனி பஸ்ஸைப் பற்றி அவ்வளவு எழுதினேன், என்ன கம்பெனி என்று மட்டும் எழுதாமல் நழுவினேன். பெருங்களத்தூர் வாசகி ஒருவர் விடவில்லை, கேட்டே விட்டார்.

பீர் கம்பெனி, அம்மா. படப்பை தாண்டி, அப்போது இரண்டு பக்கமும் வயலாக இருந்த இடத்தில் இருந்தது. நான் அங்கே லேபில் கெமிஸ்ட்.

எங்கள் வீட்டில் அந்த வார்த்தையை யாரும் சொல்ல மாட்டார்கள். சேலையூரில் எங்கள் தெரு முழுக்க வாத்தியார்களும் பேங்க் கிளார்க்குகளும். அம்மா எல்லோரிடமும் "ஜூஸ் கம்பெனி" என்றே சொல்லி வைத்திருந்தாள். என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு மாமி விடாக்கண்டி. "மாம்பழ ஜூஸா, ஆரஞ்சு ஜூஸா?" என்று கேட்டாள். அம்மா கண் இமைக்காமல், "பார்லி ஜூஸ். உடம்புக்கு ரொம்பக் குளிர்ச்சி" என்றாள். அந்தச் சம்பந்தம் அமையவில்லை. நல்லதாகப் போயிற்று, அந்தப் பையனுக்கு அப்போதே பாதித் தலை வழுக்கை.

லேபில் தினமும் காலையில் ருசி பார்க்க வேண்டும். துப்பக் கூடாது, விழுங்க வேண்டும். பீரின் கசப்பு அடிநாக்கில், தொண்டை தொடங்கும் இடத்தில்தான் தெரியும் என்று மாஸ்டர் சொல்லுவார். இரண்டு மடக்கு. பஸ் ஏறுவதற்கு முன்னால் நான் ஒரு கிராம்பை வாயில் அடக்கிக்கொள்வேன். எங்கள் பஸ்ஸில் பாதிப் பேர் வாயில் கிராம்பு, மீதிப் பேர் வாயில் ஏலக்காய். டிரைவர் மட்டும் சுத்தம். பிரியாணிக் கடைக்குள் நுழைந்தது போல இருக்கும்.

ஆக, அந்தக் கம்பெனியில் வேலை பார்த்த அத்தனை பேரும் வீட்டில் எதையோ மறைத்தோம். மறைக்காத ஒரே ஆள் வாசு மாஸ்டர். ஆனால் அவர் வீட்டு வாசல்தான் எல்லார் வீட்டு வாசலையும்விடக் கண்டிப்பானது.

ஊர் இருக்கு, நாடு இல்லை

அவர் உண்மைப் பெயர் வாட்ஸ்லாவ். எங்கள் லோடிங் ஆட்களுக்கு அது வாயில் நுழையவில்லை, சேர்ந்த முதல் வாரமே வாசு ஆக்கிவிட்டார்கள். பீர் காய்ச்சுவதற்குப் பொறுப்பானவரை ப்ரூமாஸ்டர் என்பார்கள். அவர் எல்லோருக்கும் வாசு மாஸ்டர்.

செக்கோஸ்லோவாகியாவிலிருந்து இளைஞராக பெங்களூருக்கு வந்தவர். புது மெஷின்களை ஓட்டிக் காட்டிவிட்டு ஊர் திரும்புவதாகத்தான் ஒப்பந்தம். திரும்பவில்லை. தமிழ்நாட்டில் மதுவிலக்கை எடுத்த சமயத்தில் எங்கள் கம்பெனி அவரைப் படப்பைக்குக் கூட்டி வந்தது. அதற்கப்புறம் ஒரு நாள் அவர் நாடே இரண்டாகப் பிரிந்துபோனது. "எனக்கு ஊர் கீது ஜெயா, நாடுதான் இல்ல" என்று சிரிப்பார். சிரிப்பு சீக்கிரம் நின்றுவிடும்.

அவர் தமிழைக் கேட்க வேண்டுமே! லோடிங் ஆட்களிடம் கற்றது. ஆறடி உயரத்துக்கு வெள்ளைக்காரர் ஒருவர் லேப் கதவைத் திறந்து, "இன்னாமா, நாலாம் நம்பர் டேங்க் எப்டி கீது? மூஞ்ச தொங்கப் போட்டுகினு கீற?" என்று கேட்டால், புதிதாகச் சேர்ந்தவர்கள் கையிலிருப்பதைக் கீழே போட்டுவிடுவார்கள்.

பீர் எப்படி ஆகிறது என்று இங்கே இரண்டு வரி சொல்லிவிட வேண்டும், பின்னால் தேவைப்படும். மால்ட் என்கிற முளைகட்டிய பார்லியை நுணுக்கி வெந்நீரில் ஊறவைத்தால் அதன் இனிப்பு தண்ணீரில் இறங்கும். அந்தத் தண்ணீரை வடித்து, ஹாப்ஸ் என்கிற கசப்புப் பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து ஆறவைப்பார்கள். அதுவரைக்கும் அது வெறும் பார்லித் தண்ணீர். பால்குடிக் குழந்தைக்குக்கூட மயக்கம் வராது. அதில் ஈஸ்ட் விட்ட பிறகுதான் நுரைத்து, பொங்கி, மெல்ல மெல்ல பீராக மாறும்.

காய்ச்சுகிற நாளில் வளாகம் முழுவதும் கேழ்வரகுக் கூழில் வெல்லம் கரைத்தது போல ஒரு வாசனை எழும். மாஸ்டர் அன்று மாடிப்படியில் நின்று மூக்கை உயர்த்துவார்.

"எங்க ஊர்ல மால்ட் காச்சுனா ஊர் மொத்தம் இந்த வாசனதான் ஜெயா. ஸ்கூலுக்குப் போறப்ப புடிச்சுகினே போவோம். எங்கம்மா கத்தும். கொடில காயப்போட்ட துணி எல்லாம் பீர் நாத்தம் அடிக்குதுன்னு."

"இப்ப யாரு மாஸ்டர் இருக்காங்க அங்க?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"வாசன இருக்கும்" என்றார்.

வாசல் வரைக்கும்தான்

ஸ்டெல்லா டீச்சர் கணக்கு டீச்சர். தாம்பரத்தில் சர்ச்சில் பாடுகிறவர். அந்த சர்ச்சில் பழுதாகிக் கிடந்த ஆர்கன் பெட்டியைச் சரிசெய்ய மாஸ்டர் போனார். பெட்டி ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது, ஆனாலும் அவர் பல மாதம் அதைச் சரிசெய்துகொண்டே இருந்தார் என்று டீச்சர் என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

டீச்சரின் அப்பா ரயில்வேயில் நல்ல வேலையில் இருந்தவர். குடித்தே போய்ச் சேர்ந்தார். சின்ன வயதில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அப்பாவைத் தேடிக் கடை கடையாகப் போன பெண் டீச்சர். அப்படிப்பட்டவரை, பீர் காய்ச்சுகிறவர் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டார்.

டீச்சர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "உங்க வேலை உங்களோட. நான் அதைத் தப்புன்னு சொல்லல. ஆனா அது நம்ம வீட்டு வாசல் தாண்டி உள்ள வரக்கூடாது."

மாஸ்டர் தலையாட்டினார். சும்மா பேச்சுக்கு ஆட்டிய தலையில்லை அது. கம்பெனி காலண்டர்கூட அந்த வாசலைத் தாண்டவில்லை. தீபாவளிக்குக் கொடுக்கிற ஸ்வீட் பாக்ஸைப் பக்கத்துச் சந்து வழியாகப் பின்பக்கம் கொண்டுபோய்த் துணி துவைக்கிற கல்மேல் வைப்பார், டீச்சர் அட்டைப்பெட்டியைப் பிரித்து எறிந்துவிட்டு ஸ்வீட்டை மட்டும் உள்ளே எடுத்துப் போவார். எங்கள் ஆட்கள் யார் போனாலும் இதே வழக்கம். முன்வாசலில் மனிதர்கள் வரலாம், கம்பெனிச் சாமான் பின்பக்கம்.

அவரும் அப்படியேதான். வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கினால் நேரே பின்பக்கம். சட்டையைக் கழற்றி வாளியில் போட்டு, வாய் கொப்பளித்து, முகம் கழுவி, கொடியில் கிடக்கிற வேறு சட்டையை மாட்டிக்கொண்டு, மறுபடி சுற்றி வந்து முன்வாசல் வழியாக நுழைவார். ஏதோ அப்போதுதான் வெளியூரிலிருந்து வருகிற மாதிரி. "என்ன டீச்சர், சௌக்கியமா?" என்பாராம். டீச்சர் காபி கொடுப்பார். அவர் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார், இவரும் சொல்ல மாட்டார். இருபது வருஷத்துக்கு மேல் இப்படி.

எனக்கு இதைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும். ஒரு மனுஷன் நாளெல்லாம் உயிரைக் கொடுத்துச் செய்கிற வேலையைச் சொந்த வீட்டில் சொல்ல முடியாவிட்டால் எப்படி? ஒரு தடவை வாய்விட்டே கேட்டேன்.

"அவ அப்பன் செத்தது என்னிய மாரி ஒருத்தன் காச்சுனதாலதான் ஜெயா" என்றார் மாஸ்டர். "சும்மா கெட."

ஒரு டேங்கைக் கொட்டிய நாள்

ஒரு கோடையில் டேங்க் ஒன்று கெட்டுப்போனது. எங்கேயோ கிருமி புகுந்துவிட்டது. லேப் ரிப்போர்ட்டுக்கு அவசியமே இல்லை, கிளாஸை மூக்கருகே கொண்டு போனதுமே புளித்த மோர் நாற்றம். மேலிடத்தில், வேறு சரக்கோடு கலந்து விட்டுவிடலாமே என்று பேச்சு வந்தது. மாஸ்டர் கேட்கவில்லை. முழு டேங்கையும் சாக்கடைக்குத் திறந்துவிட்டார். தானே வால்வைத் திருகினார். வடிந்து போகிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றார், சட்டையெல்லாம் தெறிக்க.

சாயங்காலம் பஸ்ஸில் என் பக்கத்து சீட். முடிச்சூர் தாண்டியதும், "வீட்டுல சொல்லுவீங்களா மாஸ்டர்?" என்றேன். இல்லை என்று தலையாட்டினார். எனக்காவது அம்மா இருந்தாள், ஜூஸ் கெட்டுப்போச்சும்மா என்றாவது சொல்லிப் புலம்பலாம். அவர் யாரிடம் சொல்லுவார்? தாம்பரத்தில் இறங்கித் தலையைக் குனிந்துகொண்டு அவர் பின்பக்கச் சந்தில் திரும்பியதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பாவமாக இருந்தது.

ஒரே ஒரு வாய்

இரண்டாயிரத்தின் நடுவாக்கில் அவருக்கு ஓய்வு வந்தது. அதற்குச் சில வாரம் முன்னால் லேபில் ருசி பார்த்துக்கொண்டிருந்தோம். மாஸ்டர் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, குடிக்காமல் கீழே வைத்தார்.

"ஜெயா, ஒரு தச்சன் நாற்காலி பண்றான். பொண்டாட்டி அதுல குந்துவா. டெய்லர் ஜாக்கெட் தெக்கிறான். பொண்டாட்டி போட்டுகினு சர்ச்சுக்குப் போவா. நான் இத்தினி வருசமா ஒரு வேல செஞ்சேன். அது இன்னா வேலன்னே அவளுக்குத் தெரியாது."

நான் என் கிளாஸையும் கீழே வைத்தேன்.

"ஒரு வாய். ஒரே ஒரு வாய் குடிச்சுட்டு, நல்லா கீதா, கேவலமா கீதான்னு அவ சொல்லணும். வேற இன்னா வேணும் எனக்கு? சால்வையா?" என்றார். அப்புறம் அவரே, "நடக்காது, வுடு" என்று கிளாஸை எடுத்துக்கொண்டார்.

எனக்கு அன்று தூக்கமே வரவில்லை. விடிந்ததும் பளிச்சென்று பட்டது. ஈஸ்ட் விடாத பார்லித் தண்ணீர்! அதில் சாராயம் ஏது? ஆனால் மாஸ்டரின் வேலையில் பாதி அதிலேயே இருக்கிறதே. எந்த பார்லி, எவ்வளவு சூடு, எப்போது பூ, எல்லாம் அவர் கை.

அந்த ஞாயிறு, அவர் மார்க்கெட் போன நேரம் பார்த்து டீச்சர் வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். டீச்சர் கணக்கு டீச்சர் அல்லவா, குடைந்து எடுத்துவிட்டார்.

"ஈஸ்ட் போடலன்னா போதையே இருக்காதா?"

"இருக்காது டீச்சர்."

"கொஞ்சம்கூட?"

"ஒரு சொட்டுகூட."

"சத்தியமா சொல்றியா ஜெயந்தி?"

"சத்தியமா டீச்சர்."

"அவருக்கு அவ்ளோ ஆசையா? என்கிட்ட ஒரு நாள்கூடச் சொன்னதில்லையே" என்றார். பிறகு, "விழா அன்னைக்குக் கொண்டு வா. எல்லார் முன்னாடியும் குடிக்கிறேன். அவர்கிட்ட முன்கூட்டிச் சொல்லாதே" என்றார்.

டெஸ்ட்டுக்குக் கொடுக்கிற மாதிரி

விழாவுக்கு முந்தின சனிக்கிழமை மாஸ்டர் கடைசியாகப் பீர் காய்ச்சினார். ஆறவைத்த பார்லித் தண்ணீரை நானே கிருமி நீக்கிய கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, இறுக மூடி, லேப் ஃப்ரிட்ஜில் வைத்தேன். அப்படியே வந்திருந்தால் ஒரு வம்பும் இல்லை. எனக்கு சனிக்கிழமை அரை நாள். சாயங்கால ஷிப்டில் இருந்த பஷீர் பாயிடம் பொறுப்பை ஒப்படைத்தேன், மறுநாள் மண்டபத்துக்கு அவர் எடுத்து வர வேண்டும்.

பஷீர் பாய் எங்கள் குளிரூட்டும் பிளான்ட்டைப் பார்த்துக்கொண்டவர். முடிச்சூரில் வீடு. தொழுகை தவறாதவர், பீரைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் மாஸ்டர் என்றால் உயிர். டேங்கின் குளிர் கொஞ்சம் குறைந்தாலும் மாஸ்டருக்கு ஜுரம் வந்த மாதிரி ஓடுவார்.

அவர் ஃப்ரிட்ஜைத் திறந்து அந்தப் பாட்டிலைப் பார்த்திருக்கிறார். மஞ்சளாக, கலங்கலாக, கண்ணாடிப் பாட்டிலில், மேலே லேபிள் ஒட்டி. மனசு கேட்கவில்லை.

"யூரின் டெஸ்ட்டுக்குக் குடுக்குற மாதிரி இருந்துச்சும்மா" என்றார் பிற்பாடு. "அதப்போயி மாஸ்டர் கையில, மேடையில, எப்படிம்மா குடுக்குறது? அசிங்கமா இல்ல?"

அதனால் மரியாதையாக இருக்கட்டும் என்று வேறு பாத்திரம் தேடினார். கண்ணில் பட்டது மாஸ்டரின் சொந்தக் கேன். மாஸ்டர் பெயரைச் சிவப்புப் பெயின்ட்டில் எழுதி, அவரைத் தவிர யாரும் தொடாத கேன். இதைவிடப் பொருத்தமாக என்ன கிடைக்கும்? மூன்று தடவை வெந்நீர் விட்டுக் கழுவி, துடைத்து, என் பார்லித் தண்ணீரை அதில் ஊற்றி, கிளிப் போட்டு மூடி, அன்று ராத்திரியே வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்.

அந்தக் கேனில் மாஸ்டர் தினமும் எதைத் தூக்கிக்கொண்டு போவார் தெரியுமா? ஈஸ்ட். ஒரு டேங்கிலிருந்து இன்னொரு டேங்குக்கு. மூடியின் அடியில் ஒரு ரப்பர் வளையம் உண்டு. பாய் அதைக் கழற்றிக் கழுவவில்லை, இடுக்கில் ஈஸ்ட் தங்கிவிட்டது.

ஒரு ராத்திரி, ஒரு பகல், முடிச்சூர் வெயில். ஈஸ்ட்டுக்கு வேறென்ன வேண்டும்?

மைக்கில் விழுந்த வார்த்தை

இப்போது மண்டபத்துக்கு வருவோம்.

விழாவில் எனக்கு ஏற்கெனவே எரிச்சல் தலைக்கு மேல் ஏறியிருந்தது. பின்னால் தொங்கிய பேனரில் "பானத் துறையில் அரும்பணி" என்று போட்டிருந்தார்கள். பர்சனல் மேனேஜர் பேசினார், "உணவு பதப்படுத்தும் துறை" என்றார். இன்னொருவர் "நம்முடைய தயாரிப்பு" என்றார். மதுவை மண்டபத்துக்குள் கொண்டுவரக் கூடாது என்று வாசலில் போர்டு இருந்தது, சரி. வார்த்தையையும் கொண்டுவரக் கூடாது என்று யார் சொன்னது? ஒரு ஆள் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலையின் பெயரை அவருக்கு மாலை போடுகிற மேடையில்கூட ஒருத்தரும் சொல்லவில்லை. மாஸ்டர் குத்துவிளக்கைப் பரிசாக வாங்கிக்கொண்டு, எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் பஷீர் பாய் கேனோடு மேடை ஏறினார். பாட்டில் எங்கே என்று நான் பாதி எழுந்தேன். சிவப்புப் பெயின்ட் எழுத்தைப் பார்த்ததும் மேடையை நோக்கி ஓடினேன்.

அதற்குள் டீச்சர் எழுந்து மைக் அருகே போனார். "இவர் வேலைய நான் ஒரு நாளும் ருசி பார்த்ததில்ல. இது போதை இல்லாததுன்னு ஜெயந்தி சொல்லியிருக்கா. இன்னைக்குப் பார்க்கப் போறேன்" என்றார். டம்ளரை நீட்டினார்.

மாஸ்டர் முகத்தை நான் எப்படி எழுதுவேன்? குழந்தை முகம். கேனின் கிளிப்பைத் தள்ளினார்.

டப்!

மூடி எகிறியது. நுரை பொங்கி டவலில் வழிந்து, சால்வையில் வழிந்து, மேடைக் கம்பளத்தில் இறங்கியது. மண்டபம் முழுக்க அந்த வாசனை. முன்வரிசைக் குழந்தைகள் கை தட்டின. மண்டப மேனேஜர் ஓடி வந்தார். பர்சனல் மேனேஜர் பேயறைந்த மாதிரி நின்றார். பஷீர் பாய், "யா அல்லா" என்று வாயைப் பொத்திக்கொண்டார்.

மாஸ்டர் குனிந்து முகர்ந்தார். ஒரு கணம், ஒரே கணம், தொழில்காரர் முகம் மலர்ந்தது. அப்புறம் நிமிர்ந்தார். டீச்சர் இன்னும் டம்ளரை நீட்டிக்கொண்டுதான் நின்றார். நடந்தது அவருக்குப் புரியவில்லை. பொங்கினது பாலாக இருந்தால் நல்ல சகுனம் என்பார்களே, அப்படி நினைத்தாரோ என்னவோ.

அவர் சொல்லாமலே இருந்திருக்கலாம். அந்த ஒரு வாய்க்காகத்தான் அந்த மனுஷன் அத்தனை வருஷம் ஏங்கினார். டம்ளர் எதிரிலேயே இருந்தது. ஊற்ற வேண்டியதுதான் பாக்கி.

மாஸ்டர் தன் பெரிய உள்ளங்கையால் டம்ளரை மூடினார்.

"வேணாம் ஸ்டெல்லா. குடிக்காத. இது பீரு."

மைக் திறந்தே இருந்தது. அந்த வார்த்தை மண்டபம் முழுக்கக் கேட்டது. அன்றைக்கு அந்த மேடையில் அதைச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

டீச்சர் அவர் கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். டீச்சர் டம்ளரைப் பையில் போட்டார். பிறகு கேனின் மேல் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு, நிதானமாக முகர்ந்தார்.

"இதுவா?" என்றார் மெதுவாக. மைக்குக்கு எட்டாத குரல். "இது எனக்குத் தெரியுமே. உங்க சட்டைதானே இது."

மாஸ்டருக்குப் புரியவில்லை.

"காய்ச்சற அன்னைக்கு சட்டை இனிப்பா இருக்கும். பூ போட்டா காலர் கசப்பா வாசனை வரும். இது அதுக்கு மறுநாள் சட்டை. இத்தனை வருஷமா அந்த வாளியில வேற என்ன இருந்துச்சு? தண்ணியில முக்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் முகத்துக்கிட்ட வெச்சுப்பேன். இன்னைக்கு என்ன வேலை செஞ்சீங்கன்னு தெரிஞ்சிடும்."

"ஸ்டெல்லா..."

"ஒரு தடவை புளிச்ச வாசனை வந்துச்சு. மோர் மாதிரி. அன்னைக்கு நீங்க சாப்பிடவே இல்ல. நானும் சாப்பிடல, உங்களுக்குத் தெரியாது."

"கேக்கவே இல்லியே நீ."

"வாசல் தாண்டக் கூடாதுன்னு சொன்னது நான்தானே? நானே எப்படிக் கேப்பேன்?" டீச்சர் முந்தானையால் அவர் சால்வையில் வழிந்த நுரையைத் துடைத்தார். "நல்லா இருக்கு உங்க வேலை. நல்ல வாசனை."

வாசு மாஸ்டர் மேடையிலேயே அழுதார். சபையில் எல்லோரும் பிரிவுத் துக்கம் என்று நினைத்துக் கை தட்டினார்கள். நானும் பஷீர் பாயும் மட்டும் கை தட்டாமல் நின்றோம்.

சோப்பு வாசனை

அதற்கப்புறம் மாஸ்டர் சில மழைக்காலம் இருந்தார். ஒரு தடவை ஊருக்குப் போய் வாருங்களேன் என்று எல்லோரும் சொன்னோம், போகவில்லை. தாம்பரத்துக் கல்லறையில்தான் அடக்கம். லோடிங் ஆட்கள்தான் பெட்டியைத் தூக்கினார்கள்.

கொஞ்ச நாள் கழித்து டீச்சரைப் பார்க்கப் போனேன். துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தார். கொடியில் ஒரு புடவை மட்டும் காய்ந்தது.

"அவர் சட்டை எல்லாத்தையும் எடுத்துப் பார்த்தேன் ஜெயந்தி. ஒண்ணுலயும் இல்ல. சோப்பு வாசனைதான் வருது. நல்லா தோச்சிருக்கேன் பாரு. ஒண்ணையாவது தோய்க்காம வெச்சிருக்கலாம்ல?"

நான் அவர் பக்கத்தில் கல்லில் உட்கார்ந்தேன். டீச்சர் கேட்டார். "அன்னைக்கு மேடையில கொண்டுவந்தீங்களே, அது கிடைக்குமா?"

"பார்லித் தண்ணியா டீச்சர்? இந்தத் தடவை சுத்தமான பாட்டில்ல..."

"அது வேணாம். அன்னைக்குப் பொங்கிச்சே, அது."

"டீச்சர், அது பீர்."

"தெரியும்மா. குடிக்கறதுக்குக் கேக்கல."

மாஸ்டருக்கு அப்புறம் அந்தக் கேனை வேறு யாரும் தொட பஷீர் பாய் விட்டதில்லை. அதை அவரிடம் வாங்கிப் பார்லித் தண்ணீரை ஊற்றி, இந்தத் தடவை நானே ஈஸ்ட்டைக் கலந்தேன். மறுநாள் சாயங்காலம் இருவரும் டீச்சர் வீட்டுக்குப் போனோம். கேனை அதே டர்க்கி டவலில் சுற்றியிருந்தார் பாய். கேட்டைத் திறந்து, பழக்கத்தில், பக்கத்துச் சந்தில் பின்பக்கம் திரும்பினார்.

டீச்சர் முன்கதவை விரியத் திறந்துவிட்டு நின்றார்.

"அந்தப் பக்கம் எதுக்குப் போறீங்க பாய்? வாசல் வழியா உள்ள கொண்டு வாங்க."